பழைய கணினியை மோடம் எமுலேஷன் மூலம் இணையத்தில் சேர்ப்பது எப்படி?

மோடம் எமுலேஷன் என்றால், ஒரு சின்னக் கருவி, தொலைபேசி எண்ணை அழைத்துக் கணினியை இணைக்கும் பழைய டயல்-அப் மோடம்போல நடந்துகொள்வது. 1980களின் கணினிக்கு வைஃபை தெரியாது. மோடத்தை மாட்டும் சீரியல் போர்ட் வழியே ‘ஏடிடிடி’ என்ற கட்டளையால் எண்ணைச் சுழற்றச் சொல்லத்தான் தெரியும். ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள கருவி அதைக் கேட்டு, எண்ணுக்குப் பதிலாகக் கொடுத்த இணைய முகவரியை வைஃபையில் பிடித்து, ‘கனெக்ட்’ என்று பதில் சொல்லும்.

பாளையங்கோட்டையில் ஆச்சி, “ஏல, ஜங்ஷனுக்குப் போய் அல்வா வாங்கிட்டு வா” என்கிறாள். பேரன் திண்ணையில் இருந்தபடியே போனில் ஆர்டர் போடுகிறான். ஆச்சி கைக்கு வருவது அதே அல்வாதான். ஆச்சிதான் பழைய கணினி, பேரன்தான் அந்தக் கருவி.

அப்புறம், கணினி, கருவி இரண்டிலும் சீரியல் வேகம் ஒன்றாக இருக்கவேண்டும். நொடிக்கு 1200 பிட் என்றால் இரண்டிலும் 1200. மாறினால் திரை முழுக்கக் குப்பை எழுத்து.

இதை மாட்டினால் யூடியூப் ஓடும் எனப் பலர் நினைக்கிறார்கள். ஓடாது, இன்றைய தளங்கள் தகவலைப் பூட்டி அனுப்பும் மறையாக்கத்தைப் பழைய கணினியின் பிராசசர் தாங்காது, எழுத்து மட்டும் வரும் டெல்நெட் தளங்கள் அருமையாகத் திறக்கும்.