என்.எச்.எஸ்ஸை மூடப்போகிறார்களாமே, உண்மையா அக்கா?

இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு மனைவி, குழந்தையோடு வந்து நாலு மாதம் ஆன தம்பி ஒருவர், இந்நாட்டு அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்: "இங்கிலாந்து என்.எச்.எஸ் ஒழிப்பு என்று வாட்ஸாப்பில் செய்தி வந்தது. மூன்று வருட விசாவுக்கு எட்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு என்.எச்.எஸ்ஸுக்கான ஹெல்த் சர்சார்ஜ் கட்டிவிட்டு வந்திருக்கிறோம். அது போச்சா? கம்பெனி தரும் தனியார் இன்ஷூரன்ஸை எடுத்துக்கொள்ளவா? சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் இதைப் பற்றி ஒரே சண்டை. நேற்று வந்த நான் வாயைத் திறக்கலாமா?"

தம்பி, உங்கள் பணம் எங்கும் போகவில்லை. குழப்பம் பெயரில்தான். 'என்.எச்.எஸ் இங்கிலாந்து' என்பது ஒரு தலைமை அலுவலகத்தின் பெயர். பணத்தைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்வை பார்ப்பது அதன் வேலை. 2025 மார்ச் 13ஆம் தேதி பிரதமர் ஸ்டார்மர் கலைக்கப்போவதாக அறிவித்தது அதைத்தான். அதன் பொறுப்புகள் சுகாதார அமைச்சகத்துக்குப் போகும். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ், தெருமுனை ஜி.பி. (குடும்ப டாக்டர்) எல்லாம் இருக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்து இயக்குநரகம் ஒன்றைக் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாதிரி. ஜி.எச். வாசலில் ஓ.பி. சீட்டு வாங்க நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது.

இதை வெளியில் நின்று சொல்லவில்லை. 2006லிருந்து இந்தத் துறையில் அலுவலக வேலைதான் பார்க்கிறேன். வட்டார அளவில் மருத்துவச் சேவைகளுக்குப் பணம் ஒதுக்கும் அலுவலகம். நான் சேர்ந்தபோது வாசலில் 'பிரைமரி கேர் டிரஸ்ட்' என்று பெயர்ப்பலகை. 2013 ஏப்ரலில் அதைக் கழற்றிவிட்டு 'கிளினிக்கல் கமிஷனிங் குரூப்' என்று மாட்டினார்கள். 2022 ஜூலையில் அதுவும் போய் 'இன்டகிரேட்டட் கேர் போர்டு' வந்தது. நாற்காலி அதேதான், ஜன்னலுக்கு வெளியே அதே கார் பார்க்கிங்தான். மின்னஞ்சல் முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இப்போது இந்த போர்டுகளின் நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே என் பேச்சில் கசப்பு தெரிந்தால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நான் பார்த்ததில் பெரிய ரகளை 2010இல் தொடங்கியது. மே மாதம் கேமரனின் கூட்டணி அரசு வந்தபோது, மேலிருந்து திணிக்கும் மறுசீரமைப்புகளை நிறுத்துவோம் என்று கூட்டணி ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள். ஜூலையில் சுகாதார அமைச்சர் ஆண்ட்ரூ லான்ஸ்லி ஒரு வெள்ளை அறிக்கையோடு வந்து நின்றார்: பிரைமரி கேர் டிரஸ்டுகளைக் கலைப்போம், பணத்தை ஜி.பி.க்கள் தலைமையில் விடுவோம், தகுதியுள்ள யாரிடமும், தனியாராக இருந்தாலும், அவர்கள் சேவை வாங்கட்டும். டாக்டர்கள் எதிர்த்தார்கள். 2011 ஏப்ரலில் நர்சுகள் மாநாட்டில் அமைச்சர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானமே போட்டார்கள். அதே மாதம் மசோதாவை நிறுத்திவைத்துக் கருத்துக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, திருத்தங்களோடு 2012 மார்ச்சில் சட்டமாக்கினார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் வேலை போனதற்கான இழப்பீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கேக் வெட்டி அனுப்பினோம். சில மாதத்தில் புதிய அமைப்பில் ஏறக்குறைய அதே வேலைக்கு வந்து உட்கார்ந்தார். இன்னொரு கேக்.

அமைச்சர்கள் அன்றாட நிர்வாகத்தில் மூக்கை நுழைக்காமல் இருக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று அந்தச் சட்டம் பெற்ற பிள்ளைதான் இப்போது கலைக்கப்படுகிற என்.எச்.எஸ் இங்கிலாந்து. மக்கள் ஓட்டுப் போட்டவர்களிடம்தான் பொறுப்பு இருக்க வேண்டும், ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்யக் கூடாது என்பது இன்றைய வாதம். இரண்டுமே கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதுதான் தொல்லை.

ஆபீஸ் சண்டையில் 'தனியார்மயம்' என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். ஒருவர் நோயாளி கையிலிருந்து காசு கேட்பதை அப்படிச் சொல்வார். அடுத்தவர், அரசுப் பணத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷன் நடப்பதைச் சொல்வார். இரண்டாவது, லேபர் கட்சியின் பிளேர் காலத்திலேயே வேகம் பிடித்தது. இவ்வளவு ஏன், ஜி.பி. கிளினிக்குகளில் பெரும்பாலானவை 1948 ஜூலை 5ஆம் தேதி என்.எச்.எஸ் தொடங்கிய நாளிலிருந்தே அரசு நடத்துபவை இல்லை, ஒப்பந்தத்தின் பேரில் நடப்பவை. என்.எச்.எஸ்ஸைத் தொடங்கிய அமைச்சர் அன்யூரின் பெவனை அன்று கடுமையாக எதிர்த்தது டாக்டர்கள் சங்கம். 2012இல் அதே சங்கம் என்.எச்.எஸ்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்று லான்ஸ்லியை எதிர்த்தது. இலவசம் என்பதிலும் சீக்கிரமே விரிசல் விழுந்தது. 1951இல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்றதும் பெவன் பதவியைத் தூக்கி எறிந்தார். 2025 கணக்குப்படி இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் அதுவும் கிடையாது.

எனக்குக் கவலை பெயர்ப்பலகை பற்றியதே இல்லை, காத்திருப்புப் பட்டியல்தான். 2023 செப்டம்பரில் 77 லட்சத்துக்கும் மேல் சிகிச்சைகள் வரிசையில் நின்றன. பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்ற இலக்கை 2016க்குப் பிறகு எட்டவே இல்லை. உங்கள் இன்ஷூரன்ஸ் உதவுவது இந்த இடத்தில். மூட்டு, ஹெர்னியா மாதிரி திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கும். சர்க்கரை, பிரஷர் போன்ற நாள்பட்டவை, அவசர சிகிச்சை, பிரசவம் எல்லாம் பெரும்பாலும் அதில் வராது, கடைசியில் என்.எச்.எஸ்ஸுக்குத்தான் வருவீர்கள். கம்பெனியே பிரீமியம் கட்டினாலும் அது உங்கள் வருமானமாகக் கணக்காகி வரி பிடிப்பார்கள். கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காசில் வாங்க ஓட வேண்டாம்.

நாலு மாதமாகியும் ஜி.பி.யில் பதிவு செய்யவில்லை என்றால் அதுதான் இப்போதைய அவசரம். வீட்டு முகவரிக்கான சான்றோ விசாவோ காட்டினால்தான் பதிவு என்று வரவேற்பில் யாராவது சொன்னால், அப்படி விதி இல்லை என்று பணிவாகச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காதுவலி என்றால் காலை எட்டு மணிக்கு ஜி.பி.க்குப் போன் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து மருந்துக்கடைக்காரரே காதைப் பார்த்து, தேவைப்பட்டால் மருந்தும் தரலாம். பதினாறு வயதுக்குள் மருந்து இலவசம். நடுராத்திரியில் சந்தேகம் என்றால் 111. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் 999.

வாயைத் திறக்கலாமா என்று கேட்டீர்களே, தாராளமாக. உங்கள் சம்பளத்தில் பிடிக்கிற வரியும் இதற்குத்தான் போகிறது, அதற்கு மேல் சர்சார்ஜ் வேறு. இன்னொன்றும் இருக்கிறது, நம்மவர்கள் பலருக்கு வருடக்கணக்கில் தெரிவதில்லை. விசாவில் வந்து இங்கே வசிக்கிற இந்தியக் குடிமக்களுக்கு, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டு உண்டு. எனக்கு இது தெரியாமல் 2005 தேர்தலை வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் பார்த்தேன். இணையத்தில் பெயரைப் பதிய ஐந்து நிமிடம் போதும். வாக்குச்சாவடியில் அடையாளத்துக்கு உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டையே காட்டலாம்.