சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட் ஒரு டீமில் என்னதான் செய்ய வேண்டும்? சில கேள்விகள், பதில்கள்

எங்கள் ஆர்க்கிடெக்ட் கோடே தொடுவதில்லை. படம் வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த புராஜெக்ட்டுக்குப் போய்விடுகிறார். இது சரியா?

சரியில்லை. தினமும் டிக்கெட் (டீமின் பட்டியலில் உள்ள ஒரு சின்ன வேலை) எடுத்து முடிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் கோடு ரிவ்யூவில் உட்காராமல், வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் கோளாறு வரும்போது சிஸ்டம் தானே எழுதி வைக்கும் லாக் (log) பதிவுகளைத் திறந்து பார்க்காமல் இருந்தால், தான் போட்ட டிசைன் எங்கே இடிக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. படத்தில் ஆர்டர் சர்வீஸிலிருந்து பேமெண்ட் சர்வீஸுக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அந்த அழைப்பு டைம்அவுட் ஆனால், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால்? பணம் எடுத்தாச்சா இல்லையா என்று தெரியாமல் ஆர்டர் சர்வீஸ் மறுபடி கூப்பிடும், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடித்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே அனுப்பும்படி செய்ய வேண்டும். இதையெல்லாம் டெவலப்பர்களோடு உட்கார்ந்து கேட்டு முடிவு செய்வதுதான் ஆர்க்கிடெக்ட்டின் வேலை, படம் அப்புறம்.

ஐந்து பேர் கொண்ட டீம். தனியாக ஆர்க்கிடெக்ட் வேண்டுமா?

வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். சிஸ்டத்தைத் தனித்தனியாக ஓடும் சின்னச் சின்ன சர்வீஸ்களாக உடைக்கும் மைக்ரோசர்வீஸ் பக்கமும் இப்போதைக்குப் போகாதீர்கள்.

'ஏன் இந்த டேட்டாபேஸ்?' என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். முடிவெடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

முடிவுகளை எழுதி வையுங்கள். மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த ஏடிஆர் (Architecture Decision Record, டிசைன் முடிவுக் குறிப்பு) முறை இதற்கு அருமையாகப் பொருந்தும்: ஒரு முடிவுக்கு ஒரு சின்ன ஃபைல், அதில் அன்றைய சூழல், எடுத்த முடிவு, அதனால் வரும் நல்லது கெட்டது, இப்போது அது நடப்பில் இருக்கிறதா இல்லையா. கோடு சேமித்து வைத்திருக்கும் இடமான ரெப்போவிலேயே போடுங்கள். முடிவு மாறினால் பழையதை அழிக்காமல், புதியது எது என்று அதில் குறித்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் எழுதத் தேவையில்லை. பின்னால் மாற்றினால் கை சுடும் விஷயங்களுக்கு மட்டும் போதும்.

ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட மூன்று டீமும் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. டிசைன் தப்பா?

டிசைனோடு டீம் பிரிப்பையும் பாருங்கள். ஒரு நிறுவனத்தில் யார் யாரோடு பேசுகிறார்களோ, அதே அமைப்புதான் அவர்கள் கட்டும் சிஸ்டத்திலும் வரும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968லேயே எழுதிவிட்டார். திரை, ஏபிஐ (திரைக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் தகவல் பரிமாறும் பகுதி), டேட்டாபேஸ் என்று டீம்களைப் பிரித்திருந்தால், திரையில் தகவல் நிரப்பப் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கவும் மூவரும் வந்தாக வேண்டும். ஆர்டர், டெலிவரி என்று வேலைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். இந்தப் பேச்சில் ஆர்க்கிடெக்ட்டைச் சேர்க்காத மேனேஜர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

சீனியர் டெவலப்பராக இருக்கிறேன். அடுத்து என்ன பழக வேண்டும்?

கேள்வி கேட்கப் பழகுங்கள். 'எப்போதும் ஓடணும்' என்று பிசினஸ் சொன்னால், 99.9 சதவீத நேரம் ஓடினால் போதும் என்றால் மாதத்துக்கு சுமார் 43 நிமிடம் நிற்கலாம், 99.99 என்றால் நாலு நிமிடம் சொச்சம்தான், செலவும் ஏறும், எது வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள்.