கூலிப்படையும் சிறப்புப்படையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ கணினி விளையாட்டில் மிலான் நாட்டை எடுத்து ஆடி வருகிறேன். வட இத்தாலி முழுவதும் கையில் இருந்தும் கருவூலம் சுற்றுக்குச் சுற்று கரைகிறது. படையில் பாதிக்கு மேல் கூலிப்படையினர். அவர்களைக் கலைத்துவிட்டால் எல்லை நகரங்கள் வெறுமையாகிவிடுமே என்று அஞ்சுகிறேன். எங்கள் குடும்பம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறது. வரவு செலவு எனக்குப் புதிதல்ல என்பதால் இந்தத் தவறு கூடுதலாக உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஏற்காடு

பதில்: தோட்டக்காரர் என்று நீங்களே சொல்லிவிட்டதால், விடையையும் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். கவாத்துக்கும் களையெடுப்புக்கும் ஆண்டு முழுவதும் உங்களிடம் வேலை பார்ப்பவர்கள் சிலர்; பழம் சிவந்து, இப்போது பறிக்காவிட்டால் உதிர்ந்துவிடும் என்ற நிலை வரும்போது வெளியூரிலிருந்து வரவழைக்கும் ஆட்கள் பலர். பழம் எடுத்து முடிந்த பிறகும், களத்தில் காயப்போட்டு மூட்டை கட்டிய பிறகும், பறிக்க வந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஆடி மாதம் வரை கூலி கொடுத்துக்கொண்டிருந்தால் எந்தத் தோட்டம் தாங்கும்? உங்கள் மிலான் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

நகரத்திலோ கோட்டையிலோ நீங்கள் பயிற்றுவிக்கும் பிரிவு அடுத்த சுற்றில்தான் கைக்கு வரும். அதன்பின் அது எல்லைவரை நடந்தும் வர வேண்டும். கூலிப்படையோ, தளபதி எந்த மண்ணில் நிற்கிறாரோ அந்த மண்ணிலேயே, பணம் கொடுத்த அந்தச் சுற்றிலேயே அணியில் சேர்ந்துவிடும். ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது வீரத்தை அல்ல, நேரத்தை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எப்போது அமர்த்துவது, எப்போது அனுப்புவது என்பது தானாக விளங்கிவிடும். முற்றுகையை இந்தச் சுற்றிலேயே முடித்தாக வேண்டும், பகைவனின் துணைப்படை இரண்டு நாள் தூரத்தில் நிற்கிறது என்றால் தயங்காமல் அமர்த்துங்கள். போர் முனையில் முதல் வரிசையை அவர்களுக்கே கொடுங்கள். ஏனெனில் உங்கள் சொந்தப் பிரிவு தேய்ந்தால் ஊருக்குத் திரும்பி ஆள் நிரப்பிக்கொள்ள வழி உண்டு, கூலிப்படைக்கு அந்த வழி இல்லை. தேய்ந்த இரண்டு பிரிவுகளை ஒன்றாக இணைக்கலாம், அவ்வளவுதான். நகரம் விழுந்ததும், அடுத்த போர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லையென்றால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

நான் சிசிலியை எடுத்து ஆடியபோது துனிசு நகரைப் பிடிப்பதற்காக அமர்த்திய வில்லாளிகளை, வேறு ஆள் இல்லையே என்று அங்கேயே காவலுக்கு விட்டுவிட்டேன். பல சுற்றுகள் கழித்து நிதிக் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அந்தக் காவல்படைக்கு நான் கொடுத்துவந்த பராமரிப்புத் தொகை, அந்த நகரம் எனக்குக் கட்டிய வரியைவிடப் பெரியதாக இருந்தது. வென்ற நகரம் தோற்ற நகரத்தைவிட அதிகச் செலவு வைத்தது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

உங்கள் அச்சத்துக்கும் விடை விளையாட்டிலேயே இருக்கிறது. நகரங்களில் எழுப்பும் குடிப்படைப் பிரிவுகளில் பல, நகரத்துக்குள்ளேயே தங்கியிருக்கும்வரை, குறிப்பிட்ட எண்ணிக்கைவரை, பராமரிப்புச் செலவே இல்லாமல் இருக்கும். மிலானின் செல்வச் செழிப்பான நகரங்கள் அதற்கென்றே அமைந்தவை. எல்லாக் கூலிப்படையையும் ஒரே சுற்றில் கலைக்க வேண்டாம். எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் நகரத்தில் முதலில் குடிப்படையை ஏற்றுங்கள், அங்கிருக்கும் கூலிப்படையை அனுப்புங்கள், பிறகு அடுத்த நகரத்துக்குப் போங்கள். கூலிப்படை இருப்பு ஒவ்வொரு பகுதியிலும் அளவானது, மெதுவாகத்தான் மீண்டும் நிரம்பும், யார் முந்திக்கொண்டாலும் அவர்களுக்கே கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். எதிரியின் படை அருகில் வரும்போது, தேவையில்லாவிட்டாலும் அந்தப் பகுதியின் நல்ல பிரிவு ஒன்றை நான் அமர்த்திவிடுவதுண்டு. அது அவன் கைக்குப் போகாமல் இருப்பதே எனக்கு ஆதாயம்.

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் 762ஆம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என்று ஆறு வகையை எண்ணி, அவற்றுள் மூலப்படைக்கே சிறப்புத் தருகிறார். தலைமுறை தலைமுறையாக அரசனோடு நின்ற படைதான், தோல்வி நெருங்கும் நேரத்திலும் ஊறுக்கு அஞ்சாது நிற்கும் என்பது கருத்து. வரலாறும் இதற்குச் சான்று சொல்கிறது. 1303இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆந்திரோனிக்கோசு துருக்கியருக்கு எதிராக அமர்த்திய கத்தலோனியக் கூலிப்படை, சம்பளத் தகராறு முற்றி, 1305இல் அதன் தலைவர் ரோஜர் தெ புளோர் கொல்லப்பட்டதும், அமர்த்தியவர் நாட்டையே சூறையாடி, 1311இல் ஏதென்சு ஆட்சிப்பகுதியைத் தனக்கே எடுத்துக்கொண்டது. நம் பக்கத்திலும், இலங்கையின் முதலாம் விசயபாகு சோழர்மீது படையெடுக்க முற்பட்டபோது, அவரிடம் கூலிக்குப் பணியிலிருந்த தமிழரான வேளைக்காரப் படையினர் சோழரோடு போரிட மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். பணத்துக்கு வந்தவனுக்கும் தன் மண், தன் மக்கள் என்று ஒன்று உண்டு என்பதை அந்த நிகழ்ச்சியில் பார்க்கிறேன். விளையாட்டு இந்தப் பகுதியைக் காட்டுவதில்லை. அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது.

கேள்வி: நானும் மிலான்தான். செனோவாக் குறுக்குவில் வீரர்கள் சிறப்புப்படை என்கிறார்கள். என் கையில் அவர்கள் குதிரைப்படைக்கு இரையாகிறார்களே, ஏன்?
– கல்லூரி மாணவர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: சிறப்புப்படை என்றால் எங்கும் எதையும் செய்யும் படை என்று பொருளில்லை; ஒரு வேலையை மற்ற எவரையும்விடச் செம்மையாகச் செய்யும் படை என்று பொருள். குறுக்குவில்லை ஏற்ற நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வில்வீரனை மறைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். 1346 ஆகஸ்டு 26 அன்று கிரெசியில் பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பு இதே செனோவா வீரர்களைக் கூலிக்கு அமர்த்தி முன்னே அனுப்பினார். நெடுந்தொலைவு நடந்து களைத்தவர்கள்; அவர்களை மறைக்கும் பெரிய கேடயங்கள் மூட்டைமுடிச்சு வண்டிகளோடு பின்தங்கியிருந்தன. ஆங்கிலேய நெடுவில்லின் அம்புமழையில் அவர்கள் பின்வாங்கியபோது, பின்னால் நின்ற பிரெஞ்சுக் குதிரைவீரர்களே அவர்களை வெட்டியும் மிதித்தும் முன்னேறினார்கள். குற்றம் வீரர்களுடையதல்ல, அனுப்பியவருடையது.

ஆகவே ஈட்டிவீரர்களை முன்வரிசையாக நிறுத்தி, குறுக்குவில்லாரை அவர்களுக்குப் பின்னால், முடிந்தால் சற்று உயர்ந்த நிலத்தில் வையுங்கள். குதிரைகள் பாய்ந்து வருவதைக் கண்டதும் ஈட்டி வரிசை அசையாமல் நிற்கட்டும். உங்கள் தளபதியின் குதிரைப்படையை ஓரத்தில் மறைத்து வைத்திருந்து, பகைவன் ஈட்டியில் சிக்கிய பிறகு பக்கவாட்டில் இறக்குங்கள்.

கேள்வி: ஞாயிறுதோறும் நண்பர்கள் நால்வர் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடுகிறோம். அதில் நான் எடுப்பது திராவிடர் அணி, என் கூட்டாளி எடுப்பது இத்தாலியர் அணி. எங்கள் இருவருக்கும் பொருந்தும் படை எது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: நல்ல கூட்டணி. இத்தாலியரின் கூட்டாளி என்பதால், விளையாட்டின் இறுதிக் கட்டமான பேரரசுக் காலத்தை எட்டியதும் ‘கொந்தொத்தியெரோ’ என்னும் கூலிவீரனை உங்கள் படைக்கொட்டிலிலேயே நீங்களும் எழுப்பலாம். விரைவாக நடப்பவன், துப்பாக்கி, பீரங்கிப் படைகளை எதிர்க்க வல்லவன். 2022இல் திராவிடரோடு சேர்ந்து விளையாட்டுக்குள் வந்த சுருள்வாள் வீரனோ கோட்டையில் எழுப்பப்படுபவன். அவனது முதல் வீச்சு அருகிலிருப்பவர்களையும் சேர்த்துத் தாக்கும். அந்த வீச்சு மீண்டும் நிரம்பச் சிறிது நேரம் ஆகும் என்பதால், நெருங்கி நிற்கும் காலாட்படைக் கூட்டத்தின்மேல் எல்லாச் சுருள்வாள் வீரர்களையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். எதிரி துப்பாக்கி வீரர்களை முன்னே கொண்டுவந்தால் கொந்தொத்தியெரோக்களை முதலில் அனுப்பி அவர்களை அகற்றிவிட்டு, அதன்பின் சுருள்வாளை ஏவுங்கள்.