உங்க கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டு சின்னப் பசங்க. அவங்க தூங்கினப்புறம் போன்ல சும்மா டைப் பண்ணி வெச்ச காதல் கதையை ஃப்ரெண்டு ஒருத்தி பதிப்பகத்துக்கு அனுப்பிட்டா, அவங்க நாவலா போடறோம், இன்னும் எழுதுங்கன்னு கேக்கறாங்க. சந்தோஷமா இருக்கு, பயமாவும் இருக்கு. நான் இன்னா பண்றது?
— வாசகி, குடியாத்தம்

பதில்: ரொம்ப சந்தோஷம்மா, தாராளமா எழுது! ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்டை நிதானமா படி. கதைய எழுதின நிமிஷமே காப்பிரைட், அதாவது கதை மேல இருக்கற உரிமை, உன்னோடதுதான், ரிஜிஸ்டர் பண்ணணும்னு கட்டாயம் இல்ல. 1957 காப்பிரைட் சட்டப்படி உரிமைய எழுத்துல கையெழுத்து போட்டுத்தான் மாத்தித் தர முடியும், எத்தனை வருஷம்னு குறிப்பிடலன்னா 5 வருஷம்னு எடுத்துப்பாங்க, அதனால வருஷத்தைத் தெளிவா போடச் சொல்லு, இ-புக், ஆடியோ உரிமையெல்லாம் தனித்தனியா கேளு, மொத்தமா தூக்கிக் குடுத்துடாத. நிறைய பொண்ணுங்க இங்கதான் ஏமாந்து போறாங்க, எனக்கு மனசே ஆறாது.

நேரம்? குழந்தைக்கு சோறு ஊட்டறப்ப தோணற வசனத்தை போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணிக்கோ, ராத்திரி டைப் பண்ணலாம். மாசத்துக்கு ஒண்ணுன்னு அவங்க அவசரப்படுத்தினா முடியாதுன்னு சொல்லிடு, பசங்க சின்னதா இருக்கறப்ப அது உடம்பைக் கெடுத்துடும்.

அப்புறம் ஹீரோ ஹீரோயின ஊட்டி, கொடைக்கானல்னு அனுப்பாதம்மா. வைகாசி 1ஆம் தேதி உங்க ஊர்ல அம்மன் தலைய ஊர்வலமா எடுத்துட்டு வர்ற கெங்கையம்மன் சிரசு திருவிழா கூட்டத்துல அவங்க முதல்ல பாத்துக்கட்டுமே! அடுத்த கதைய அங்கிருந்தே ஆரம்பி, புக்கு வந்ததும் எனக்கு ஒண்ணு அனுப்பு.