கை பெருத்தும் கயிறு ஏற முடியவில்லை

அன்புள்ள ஐயா,
வயது 22, எடை 74 கிலோ. பாலக்கோட்டில் ஆறு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் கை என்று நாளுக்கு ஒரு பாகம். கை நன்றாகப் பெருத்திருக்கிறது. ஆனால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கான கயிற்றில் மூன்று மீட்டரைத் தாண்ட முடியவில்லை. இன்னும் வெயிட் கூட்ட வேண்டுமா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம். நீங்கள் செய்வது பாடி பில்டிங் அட்டவணை; தசை பெருக்க நல்ல வழிதான். கயிற்றிலோ 74 கிலோவையும் நீங்களே இழுத்தாக வேண்டும். தேர்வில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம் (மதிப்பெண்ணுக்கான தரம்), 6 மீட்டருக்கு இரண்டு. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் அங்கே சுமை.

வாரம் மூன்று நாள் போதும். முதலில் புல்-அப், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது. ஒன்றுகூட வராவிட்டால் ஸ்டூலில் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து எண்ணும்வரை மெல்ல இறங்குங்கள். 4 செட், செட்டுக்கு 3 தடவை. இடையில் முழுசாக மூன்று நிமிடம் ஓய்வு; மூச்சிரைக்க அடுத்தடுத்துச் செய்தால் ஸ்டாமினாதான் ஏறும். ஐந்து புல்-அப் சுத்தமாக வந்ததும் கம்பியில் இரண்டு துண்டைப் போட்டு அதைப் பிடித்துச் செய்யுங்கள். பலருக்கு முதுகு களைக்கும் முன்பே கைப்பிடி விட்டுவிடும்.

பிறகு ஸ்குவாட் (தோளில் பளு வைத்து உட்கார்ந்து எழுவது): 3 செட், 5 தடவை, வாரத்துக்கு 2.5 கிலோ கூட்டலாம். தேர்வில் வரும் நீளம் தாண்டலுக்கும் 100 மீட்டர் ஓட்டத்துக்கும் அது உதவும். நெஞ்சுக்கு புஷ்-அப். மேற்கையைப் பெருக்கும் பைசெப்ஸ் கர்லைத் தேர்வு முடியும்வரை மறந்துவிடுங்கள், கண்ணாடி கோபித்துக்கொள்ளாது. 1500 மீட்டர் ஓட்டத்தை மற்ற நாட்களுக்குத் தள்ளுங்கள்.

கயிறு வாரம் இருமுறை, மூன்று நான்கு ஏற்றம். தினமும் ஏறினால் முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கும். தசை பழகும் வேகத்தில், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் பழகாது. சறுக்கி இறங்கினால் உள்ளங்கைத் தோல் உரியும். கை மாற்றிக் கை வைத்து இறங்குங்கள்.

புரதம் நாளுக்கு 110 முதல் 120 கிராம் தேவை. களி மட்டும் போதாது. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 7 கிராம்தான், கொள்ளில் 20க்கு மேல். களியோடு கொள்ளுக் கடைசல், முட்டை, நிலக்கடலை சேர்த்தால் பவுடர் டப்பாவுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மிஞ்சும்.

எட்டு வாரம் கழித்து எழுதுங்கள்: எந்த உயரத்தில் நிற்கிறீர்கள், அப்போது விரல் திறந்துகொள்கிறதா, முழங்கை மடங்க மறுக்கிறதா? இரண்டுக்கும் பயிற்சி வேறு.