கேள்வி-பதில்: ஓய்வுக்காலப் பணமும் மார்ச் மாத அவசரமும்

ராணிப்பேட்டை, தோல் பதனிடும் தொழில்: நண்பரின் கம்பெனி அவர் பெயரில் என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் போட்டு வரியைக் குறைக்கிறது. தனி உரிமையாளரான நானும் அப்படிச் செய்யலாமா?

முடியாது. உங்கள் நண்பர் ப்ரைவேட் லிமிடெட் கம்பெனியில் சம்பளம் வாங்கும் டைரக்டராக இருப்பார். கம்பெனி அவருக்காகப் போடும் தொகைக்குப் புதிய வரிமுறையிலும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம் வரை கழிவு உண்டு. தனி உரிமையாளருக்குச் சட்டப்படி முதலாளி என்று யாரும் இல்லை. கூட்டு நிறுவனப் பங்குதாரருக்கும் இதே நிலைதான். பழைய வரிமுறையில் இருந்தால், சொந்தப் பணத்தைப் போட்டு 1.5 லட்சம் வரம்புக்குள்ளும், அதற்கு மேல் தனியாக 50,000 ரூபாய்க்கும் கழிவு பெறலாம். புதிய முறையில் அதுவும் கிடையாது. ஆகவே முதலில் எந்த வரிமுறையில் இருக்கிறீர்கள் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சத்துவாச்சாரி, பல் மருத்துவர்: மனைவி பெயரில் தனியாக பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் பழைய வரிமுறையில் கிடைக்கும் உங்கள் வரிக்கழிவு 1.5 லட்சத்தைத் தாண்டாது. பணத்தை 5ஆம் தேதிக்குள் கட்டுங்கள், இல்லையென்றால் அந்த மாத வட்டி போய்விடும்.

காட்பாடி, மருத்துவர்: 'டாக்டர்களுக்கான பென்ஷன்' என்று வங்கியில் 3 லட்சம் வாங்கினார்கள். வந்த பாண்டை (பாலிசிப் பத்திரத்தை)ப் பார்த்தால் 10 ஆண்டு கட்ட வேண்டிய இன்சூரன்ஸ். பாண்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது.

அம்மா, நேரம் இருக்கிறது. பாண்டு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பாலிசி வேண்டாம் என்று திருப்பித் தரலாம். அந்தச் சில நாள் காப்பீட்டுக்கான தொகை, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு போக மீதியைத் தந்தே ஆக வேண்டும். கடிதத்தை இன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கே அனுப்பி, ஒப்புகை வாங்குங்கள். வங்கியில் 'பேசி முடிக்கலாம்' என்பார்கள். அப்படிப் பேசிக்கொண்டே இருந்தால் 30 நாள் கடந்துவிடும். கம்பெனி ஒரு மாதத்தில் சரியான பதில் தராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

தவறு உங்களுடையது அல்ல. காலையில் ஓ.பி., மாலையில் கிளினிக் என்று இருப்பவரிடம் மார்ச் நெருங்கும்போது வந்து, 'வரி மிச்சம்' என்று ஆரம்பித்து, எத்தனை ஆண்டு கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறார்கள். எனக்கும் ஒரு பாலிசியை இப்படித்தான் தலையில் கட்டினார்கள். பாதியில் விட்டபோது கட்டியதில் பெரும்பகுதி வரவில்லை. 'பணம் இரட்டிப்பு' என்று விற்பவர்கள் சொல்வது எவ்வளவு பெரிய ஏமாற்று என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 10 ஆண்டு கட்டினால் 30 லட்சம். இருபதாம் ஆண்டு முடிவில் 60 லட்சம் தருகிறார்கள் என்றால் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 4.5 சதவீதம்தான். 2020 ஏப்ரலிலிருந்து பி.பி.எஃப். 7.1 சதவீதம் தருகிறது. காப்பீடு வேண்டும் என்றால் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுங்கள். ஓய்வுக்காலப் பணத்தைத் தனியாகச் சேருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பவரிடம் வருமானம் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆம்பூர், ஷூ அப்பர் யூனிட்: தெரிந்தவர் நீட்டிய இன்சூரன்ஸ் தாளில் போன வருடம் கையெழுத்துப் போட்டேன். ஆண்டுக்கு 6 லட்சம் பிரீமியம். முடிவில் வரும் பணத்துக்கு வரி இல்லைதானே?

இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் எடுத்த பாலிசிகளில், யூலிப் (சந்தை முதலீட்டோடு சேர்ந்த காப்பீடு) அல்லாதவற்றுக்கு மொத்தப் பிரீமியம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் முதிர்வில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. இறப்புக்குப் பின் குடும்பத்துக்கு வருவதற்குத்தான் விலக்கு. ஒரு லாட் தோலைத் தடவிப் பார்க்காமல் வாங்குவீர்களா? இதில் மட்டும் ஏன் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை? அடுத்த பிரீமியம் கட்டும் முன் சரண்டர் மதிப்பை, அதாவது பாலிசியை இப்போதே விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதை, எழுத்தில் வாங்குங்கள். தொடர்வதா விடுவதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆற்காடு, வழக்கறிஞர்: என்.பி.எஸ். பணம் முழுவதையும் 60 வயதில் எடுக்கலாமா?

சேர்ந்த தொகை சிறியதாக இருந்தால் ஒழிய முடியாது. ஒரு பகுதியில் பென்ஷன் வாங்கித்தான் ஆக வேண்டும், அந்தப் பென்ஷனுக்கு வரியும் உண்டு.