தொட்டியில் வளரும் பழச்செடியில் எறும்பு: ஆபத்தில்லாமல் ஒழிக்க என்ன வழி?

கேட்டவர் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பால்கனித் தொட்டிகளில் லிமாவ் கஸ்தூரியும் (சின்ன எலுமிச்சை வகை) கொய்யாவும் வளர்க்கிறார். செடி முழுக்க எறும்பு, பிள்ளைகள் பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போடுகிறார்கள், எந்த மருந்து அடிக்கலாம் என்பது கேள்வி.

நானும் கோலாலம்பூரில், செந்தூலில் அடுக்குமாடியில்தான் இருக்கிறேன். என் பால்கனியிலும் இதே செடிகள்தான். மருந்து வாங்குவதற்கு முன் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இளம் தண்டு, இலைக் காம்பு, காய் ஒட்டியிருக்கும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. தண்டோடு ஒட்டிய பழுப்பு நிறப் பொட்டுகள் என்றால் செதில் பூச்சி. துளிரில் கூட்டமாக மொய்த்தால் அசுவினி. இவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான ஒரு நீரைக் கழிக்கும். எறும்பு பெரும்பாலும் அதற்காகத்தான் ஏறுகிறது. சும்மா குடித்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டிவிடுகிறது. அதனால்தான் எறும்பு உள்ள செடியில் மாவுப்பூச்சி குறையவே குறையாது. இலையில் கரி பூசினதுபோல் கருப்பு படிவதும் அந்த இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம்தான்.

ஆக, முதல் வேலை பூச்சியைக் கழுவுவது. காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஒட்டிக்கொண்டிருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுங்கள். மிச்சமிருந்தால் நர்சரியில் கிடைக்கும் பொட்டாசியம் சோப்பை டப்பாவில் எழுதியுள்ள அளவில் கலந்து, வெயில் இறங்கிய பிறகு பூச்சியின் மேலேயே படும்படி அடியுங்கள். காய்ந்த சோப்பால் பயனில்லை, நேரடியாகப் பட்டால்தான் சாகும். அதனால் வாரம் ஒருமுறை இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டியிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தைச் செடியில் அடிக்காதீர்கள், இளம் இலை கருகும். எதை அடித்திருந்தாலும் பழத்தை நன்றாகக் கழுவிய பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.

அடுத்தது ஏறும் வழியை அடைப்பது. தண்டில் அகலமான டேப்பைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவலாம். பட்டையின் மேல் நேரே தடவினால் செடிக்குக் கெடுதல். தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவதும் நல்ல வழி. ஆனால் நம் ஊரில் டெங்கி பெரிய தொல்லை. வீட்டில் ஏடிஸ் கொசு பெருக விட்டால் நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. அதனால் தட்டில் சில சொட்டு சோப்புத் திரவம் விட்டு, வாரத்துக்கு இரண்டு முறை தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்றுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் இந்த வழியே வேண்டாம். இன்னொன்று, ஓர் இலை சுவரிலோ துணி காயப்போடும் கம்பியிலோ பட்டால் போதும், எறும்பு அதன் வழியாக வந்துவிடும்.

தொட்டிக்குள்ளேயே கூடு கட்டியிருந்தால் இதெல்லாம் பத்தாது. மண் காய்ந்து, தேங்காய் நார்த்தூள் சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விட்ட தொட்டியில்தான் கூடு கட்டும். ஊற்றும் தண்ணீர் உடனே அடியில் ஓடிவிடும், வேர் காயும். பெரிய வாளியில் மண் மட்டம் வரை தண்ணீர் நிரப்பித் தொட்டியை அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே வருவதைப் பார்க்கலாம். நெருப்பெறும்பாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். அப்புறம் தண்ணீரை நன்றாக வடியவிட்டு, இடைவெளியில் புது மண்ணை அமுக்குங்கள்.

கூடு சுவர் இடுக்கில் இருந்தால்தான் விஷம் கலந்த இரை வைக்க வேண்டும். அரை லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சீனி, 5 கிராம் வெண்காரம் (போராக்ஸ், போரான் உள்ள உப்பு). அளவைக் கூட்டாதீர்கள். மெதுவாகக் கொன்றால்தான் வேலைக்கார எறும்பு அதைக் கூட்டுக்குக் கொண்டுபோய் ராணிக்கும் கொடுக்கும். பஞ்சில் நனைத்து, சின்னத் துளை போட்ட மூடி டப்பாவில் வைத்து, எறும்பு போகும் பாதையில், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். டப்பா மேல் 'விஷம்' என்று எழுதிவிடுங்கள். தொட்டி மண்ணில் இதை ஒரு சொட்டுகூட விடக்கூடாது. போரான் அதிகமானால் எலுமிச்சை வகைச் செடிகள் தாங்காது. முதல் நாள் எறும்பு கூடுதலாக வரும். அப்போது ஸ்ப்ரே அடித்தால் இரை கூட்டுக்குப் போகாது.

எறும்புக்கு விற்கும் சாக்குக்கட்டியை மட்டும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் எழுதும் சாக்குக்கட்டி மாதிரியே இருக்கும், உள்ளே இருப்பது பூச்சிக்கொல்லி. மண்ணெண்ணெய், உப்பு, கொதிநீர் மூன்றும் வேரைக் கொல்லும். அரிசி கழுவிய தண்ணீர், பழத்தோல் எதையும் கொஞ்ச நாள் தொட்டியில் போடாமல் இருங்கள்.

டிராகன் பழ மொட்டிலோ, மார்க்கிசா (பேஷன் ஃப்ரூட்) கொடியின் இலைக்காம்பிலோ எறும்பு நின்றால் பயப்பட வேண்டாம். அந்தச் செடிகளே அங்கே தேன் சுரக்கும். பூச்சி இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்படியே விடுங்கள்.